செதில் உறைகள்

தீப்பெட்டி அகலத்தில் ஒரு பழுப்புக் காகித உறை.
உள்ளே மூன்று செதில், காய்ந்த சளி, ஐம்பது வருடம்.
வெளியே பென்சிலில்
நாள், வலை, நீளம், எடை, ஆணா பெண்ணா.
கடைசியில் பிடித்தவர் பெயர்.

ஆற்றுக்குத் தேனோ என்று பெயர்.
தேனல்ல, பனி உருகிய தண்ணீர்.
அதன் சால்மன்கள் துர்க்கு நகரத்துக் குளிர்பெட்டிக்கு
இப்படித்தான் வந்து சேர்ந்தன,
உடம்பை யார் யாரோ தின்று முடித்த பிறகு.

கெர்த்துவுக்கு மீன் வாடை ஆகாது.
அவளுக்கு வந்து சேர்வது நான்கே எழுத்து,
முந்நூறு கோடி தாண்டி நீளும் ஒரே வரி.
மீனுக்கு மீன் அது மாறும் இடங்களில் மட்டும்
நிரல் போய்க் கதவு தட்டுகிறது.
கடலில் எத்தனை குளிர்காலம் என்று
தீர்மானித்தது நீயா?
நீயா?
இரண்டு லட்சம் கதவு.
பெரும்பாலும் வீட்டில் ஆளில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை,
மற்றவர்கள் சாவுனாவுக்குக் கிளம்பிய பிறகு,
இருபத்தைந்தாம் குரோமோசோமில்
புள்ளிமேல் புள்ளியாக ஒரு கோபுரம் எழுந்தது.
இந்த எழுத்து வாய்த்த மீன்
ஒரு குளிர்காலத்தோடு திரும்பிவிடும், முழங்கை நீளத்தில்.
அந்த எழுத்து வாய்த்தது
மூன்று நான்கு பொறுத்து,
ஐந்து வயதுப் பிள்ளையின் கனத்தோடு வரும்.
"ஆயிற்று" என்று வாய்விட்டுச் சொன்னாள்.
குளிர்பெட்டி உறுமியது.

அப்புறம்தான் அந்த நாற்பத்தொன்று.

சின்ன மீனின் எழுத்து, பதினெட்டுக் கிலோ.
பெரிய மீனின் எழுத்து, ஒன்றரைக் கிலோ.
செதிலை நுண்ணோக்கியில் வைத்தால்
வளையங்களும் எழுத்தும் ஒத்துப்போகின்றன,
பென்சில்தான் ஒத்துவரவில்லை.
ஆண் என்று எழுதியதில் பாதி பெண்.
எல்லாம் யோவ்னா பிடித்தவை,
எல்லாம் 1974 கோடை.

"குடிகாரனாயிருப்பான், நீக்கிவிடு" என்றார் இல்மாரி.
நீக்கினாள்.
கோபுரம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.
உயர்ந்ததுதான் உறுத்தியது.

ஒன்றரை நாள் வடக்கே,
கலைமான்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு.
கரையில் படகுகள் குப்புறக் கிடந்தன.
சால்மன் பிடிக்கத் தடை வந்து
இது மூன்றாவது கோடை.

யோவ்னா இறந்திருந்தார்.
மகள் ரிஸ்தின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
திரையில் சிவந்திருந்த புள்ளிகளைக் கண்டு
கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.

"எழுதுவது அப்பா. செதிலை உறையில் போடுவது நான்.
ஏழு வயது.
பெரிய மீன் வந்தால் ஊரே கூடும், படம் எடுக்கும்.
சின்னதை வாளியில் எறிவார்கள்.
அதுவும் அவ்வளவு தூரம் நீந்தித்தானே வந்தது?
அதனால் பெரியதின் உறையைச் சின்னதுக்குக் கொடுத்தேன்."
சற்று யோசித்து,
"எல்லாவற்றுக்கும் இல்லை. பிடித்ததற்கு மட்டும்."

இருபது ஜோடியை இடம் மாற்றிப் போட்டாள் கெர்த்து.
நாற்பது புள்ளிகள் வீடு திரும்பின.
நிரலின் ஓரத்தில் காரணம் எழுதினாள்:
ரிஸ்தின், வயது ஏழு.
ஒன்று மட்டும் துணையில்லாமல் நின்றது.
அந்த வருடத்துப் பெட்டியில்
காலி உறை ஒன்று பார்த்த ஞாபகம்.

"அதுவா? அந்தப் பெரியதின் செதிலை
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
அதன் வழியே சூரியனைப் பார்க்க."
அந்த ஜன்னலை மாற்றி வெகுகாலமாகிறது.

காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்,
"சின்னதின் பக்கம் சாய்கிற புத்திக்கும்
என்னிடம் ஓர் எழுத்து இருக்குமா?"
"ஒரே ஒரு மாதிரி. போதாது" என்றாள் கெர்த்து.
இருவரும் சிரித்தார்கள், ஒருத்தி கொஞ்சம் தாமதமாக.

வெளியே, இருட்டாத இரவில்,
ஆற்றில் ஏதோ துள்ளி விழுந்தது.
சத்தத்தை வைத்தே எத்தனை கிலோ என்று
ரிஸ்தினுக்குச் சொல்லத் தெரியும்.
சொல்லவில்லை.